சுவர் ஏணியை ஏலம் விடாதீர்கள்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பெற்றோருக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று தடவை படித்தேன். வரும் ஜூன் முதல் நம் பள்ளியின் உடற்கல்வியை ஒரு தனியார் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று அதில் இருக்கிறது. 'ஐரோப்பாவில் 200 ஆண்டுகளாக நிரூபிக்கப்பட்ட ஸ்காண்டிநேவிய ஜிம்னாஸ்டிக்ஸ் முறை' ஸ்மார்ட் போர்டில் வீடியோவாக வருமாம். மாதம் இரண்டு நாள் ஒரு பயிற்சியாளர் வந்து போவாராம். உடற்பயிற்சிக் கூடம் நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பாக மாறும். அங்கே கிடக்கும் 'உபயோகமற்ற பழைய தளவாடங்கள்' இந்த மாதக் கடைசியில் ஏலம் விடப்படும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இனி பி.டி. பீரியடே கிடையாது.

இதைப் படித்துவிட்டு மடித்து வைக்க என்னால் முடியவில்லை. ஆறாம் வகுப்பு முதல் இந்தப் பள்ளியில் படித்தவன் நான். அப்புறம் இங்கேயே 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகிறது. என் இடத்துக்கு இன்றுவரை நீங்கள் யாரையும் போடவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்து நீங்கள் வாங்கப்போகும் அந்த ஸ்காண்டிநேவிய முறை நம் கூடத்தின் மேற்குச் சுவரில் பல வருடங்களாக நிற்கிறது. அதைத்தான் ஏலத்தில் விடப்போகிறீர்கள்.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் அதன் பெயர் 'ஸ்டால் பார்'. பிள்ளைகளுக்குச் சுவர் ஏணி. தேக்குச் சட்டத்தில் குறுக்கே உருட்டுக் கட்டைகள் பொருத்திச் சுவரோடு சேர்த்து அடித்த ஆறு ஏணிகள். ஒரு நாள் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எல்லாக் கட்டையும் ஒரே நிறமாக இருக்காது. உச்சிக் கட்டை நடுவில் மட்டும் கறுத்து, எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழவென்று இருக்கும். பிள்ளைகள் எட்டிப் பிடித்துத் தொங்குகிற இடம் அது. கீழே இருந்து இரண்டாவது கட்டை பாதம் வைக்கிற இடத்தில் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் கட்டையில் என் பாதமும் பட்டிருக்கிறது, என் மகன் பாதமும் பட்டிருக்கிறது.

மரம் நம் ஊர்த் தேக்கு. அந்த வடிவமும் அதில் செய்யும் பயிற்சியும் சுவீடனிலிருந்து வந்தவை. எப்படி வந்தன என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அது தெரிந்திருந்தால் இந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட யோசித்திருப்பீர்கள்.

பேர் ஹென்றிக் லிங் என்று ஒருவர், 1776-ல் சுவீடனில் பிறந்தவர். இளம் வயதில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் போனார். அங்கே ஃபிரான்ஸ் நாக்டெகால் என்பவர் 1799-ல் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பள்ளி தொடங்கியிருந்தார். அந்த நாக்டெகாலுக்கு வழி காட்டியது ஜெர்மனியில் ஷ்னெப்ஃபென்தால் பள்ளியின் ஆசிரியர் குட்ஸ்மூத்ஸ் 1793-ல் வெளியிட்ட நூல். ஆக, சுவீடன் முறை என்று உலகம் சொல்வதே இன்னொரு நாட்டில் பார்த்துப் பழகியதிலிருந்து முளைத்ததுதான். லிங் கோபன்ஹேகனில் வாள்வீச்சு கற்றார், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார். தினமும் வாள் வீசியதில் தன் கையிலிருந்த உபாதை குறைந்ததைக் கவனித்தார் என்று சொல்வார்கள். ஊர் திரும்பி லுண்ட் பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு ஆசிரியரானார். உடற்கூறு படித்தார். 1813-ல் ஸ்டாக்ஹோமில் ஆசிரியர்களைத் தயார் செய்ய ஒரு நிறுவனம் தொடங்கினார்.

அவர் தொடங்கியது ஆசிரியர்களுக்கான பள்ளி. இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தன் முறை ஊரெங்கும் பரவ வேண்டும் என்று நினைத்தவர் முதலில் செய்த காரியம், சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆட்களை உருவாக்கியதுதான். அவருக்குப் பின் அவருடைய மகன் யால்மர் லிங் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி பயிற்சிகளை எளிதிலிருந்து கடினமானதற்கு என்று வரிசைப்படுத்தினார். சுவர் ஏணி, தாண்டும் பெட்டி எல்லாம் அந்த மரபில் வந்தவை.

அங்கிருந்து இங்கிலாந்துக்கு அது போனது எப்படி? ஒரு பெண் கொண்டுபோனார். மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க், ஸ்டாக்ஹோம் நிறுவனத்தில் படித்தவர். 1881-ல் லண்டன் பள்ளி வாரியம் பெண் பிள்ளைகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாக அவரை நியமித்தது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளிகளின் ஆசிரியைகளுக்கு அவரே நின்று கற்றுக்கொடுத்தார். 1885-ல் ஹாம்ப்ஸ்டெட்டில் தனியாகக் கல்லூரி தொடங்கி, 1895-ல் டார்ட்ஃபோர்டுக்கு மாற்றினார். இரண்டு வருடப் படிப்பு. உடற்கூறும் உடலியங்கியலும் படிக்காமல் ஒரு பெண்ணும் அங்கிருந்து ஆசிரியையாக வெளியே வர முடியாது. அவரிடம் படித்தவர்கள் போய் வேறு கல்லூரிகள் தொடங்கினார்கள். மார்கரெட் ஸ்டான்ஸ்ஃபெல்ட் 1903-ல் பெட்ஃபோர்டில் தொடங்கியது அப்படி ஒன்று. தாராளமாகக் கையைக் காலை அசைக்க அந்தக் கல்லூரிப் பெண்கள் போட்ட கையில்லாத மடிப்புக் கவுன்தான் பிறகு பிரிட்டிஷ் பள்ளிச் சீருடை ஆயிற்று. நம் பெண் பிள்ளைகள் போடும் பினஃபோரில் இன்றும் அதன் சாயல் தெரியும்.

அதே இங்கிலாந்தில் இன்னொன்றும் நடந்தது. நீங்கள் செய்யப்போவதற்கு அதுதான் மிக நெருக்கம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களில் பலர் உடல்தகுதி இல்லாமல் இருந்ததைக் கண்டு அரசு பயந்துபோயிற்று. 1902-ல் பள்ளிகளுக்கு 'மாதிரிப் பாடத்திட்டம்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டது. பட்டாளத்துக்காரர்களின் கவாத்தை அப்படியே எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் உடம்பு தெரிந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டே வருடத்தில், 1904-ல், அதை ஒதுக்கிவிட்டு வேறு பாடத்திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1909-ல் வந்த பாடத்திட்டம் சுவீடன் முறையைத் தழுவியது. அதற்குள் அதைச் சொல்லிக்கொடுக்கப் படித்த ஆசிரியைகள் நாட்டில் இருந்தார்கள், அதனால் அது நின்றது. அதிகாரம் எவ்வளவு இருந்தாலும், ஆள் இல்லாத இடத்தில் புத்தகம் மட்டும் போய் நின்றதில்லை.

பெர்லினில் நடந்ததும் இதற்குப் பாடம். ஹூகோ ரோத்ஸ்டைன் என்ற அதிகாரி ஸ்டாக்ஹோம் போய் லிங் முறையைக் கற்றுவந்து, ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மத்திய ஜிம்னாஸ்டிக்ஸ் நிறுவனத்துக்குத் தலைவரானார். லிங்கின் முறையில் பாரலல் பார் என்ற இணைக் கட்டைகள் கிடையாது. அது ஃபிரெட்ரிக் லுட்விக் யான் என்ற ஜெர்மானியர் பரப்பிய கருவி. லிங்கிடம் இல்லாதது நமக்கும் வேண்டாம் என்று அதை எடுத்துவிட்டார். பெரிய சண்டை மூண்டது. மருத்துவர்கள் உள்ளே வந்து, பாரலல் பாரால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பார் திரும்ப வந்தது, ரோத்ஸ்டைன் 1863-ல் பதவியை விட்டுப் போய்விட்டார். வந்த முறை நல்ல முறைதான். சொந்த ஊரில் ஏற்கெனவே இருந்த நல்லதை அதற்காகத் தூக்கி எறிந்ததுதான் அவர் செய்த தவறு.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். பிரிட்டிஷ் ஆட்சியில் நம் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி முதலில் கவாத்தாகத்தான் வந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களைப் பிடித்து டிரில் மாஸ்டராகப் போட்டார்கள். வெயிலில் வரிசையாக நிற்பது, திரும்புவது, கையைத் தூக்குவது, இறக்குவது. ஏன் செய்கிறோம் என்று பிள்ளைக்கும் தெரியாது, சொல்லிக்கொடுப்பவருக்கும் தெரியாது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1919-ல் சென்னைக்கு வந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். 1920-ல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. 1943-ல் இறக்கும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை. லிங் ஸ்டாக்ஹோமில் செய்ததை, பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் லண்டனில் செய்ததை, பக் சென்னையில் செய்தார்: முதலில் ஆசிரியர்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். பேஸ்கட்பாலும் வாலிபாலும் நம் கிராமங்கள்வரை போய்ச் சேர்ந்ததில் ஒய்.எம்.சி.ஏ.யில் பயின்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்குக் கற்றுக்கொடுத்த டிரில் சார் நந்தனத்தில் படித்தவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களில் நான்கு பேர் அவரிடம் படித்தவர்கள், யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் குட்டிக்கரணம் போடும் பிள்ளைக்கு அவர் என்ன செய்வார் தெரியுமா? மைதானத்து ஓரத்துப் பூவரச மரத்திலிருந்து ஒரு இலை கிள்ளிவருவார். அதைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து, "இலை விழக்கூடாது, கசங்கணும்" என்பார். அவ்வளவுதான். இலையை விடாமல் இருக்க வேண்டுமானால் தாடையை நெஞ்சோடு ஒட்டித்தான் ஆக வேண்டும். தாடை ஒட்டினால் முதுகு தானாக வளையும், பிடரி தரையில் மோதாது. கழுத்து பத்திரம். கரணம் முடிந்து எழுந்து நின்று, கசங்கிய இலையை உள்ளங்கையில் வைத்து அவரிடம் காட்ட வேண்டும். நானும் காட்டினேன். ஆசிரியரான பிறகு 31 வருடம் நானும் பூவரச இலை கிள்ளினேன். என் கையில் ஒரு பிள்ளைக்கும் கழுத்து பிசகியதில்லை.

மெத்தை வாங்கப் பணம் இல்லாத காலத்தில் அறுவடை முடிந்து வைக்கோல் வாங்கிவந்து, சாக்கில் திணித்துத் தைத்து, பெட்டிக்கு அந்தப் பக்கம் போட்டார். சுவீடன் முறையில் ஒரே நிலையில் நெடுநேரம் அசையாமல் நிற்கும் பயிற்சிகள் உண்டு. அது குளிர்நாட்டுக் கூடத்துக்குச் சரி. நம் வெயிலில் பிள்ளை மயங்கி விழும். அவர் அதைப் பாதியாகக் குறைத்தார், வேப்பமர நிழலுக்கு மாற்றினார், நடுவில் தண்ணீர் குடிக்க வைத்தார். இப்படிச் செய் என்று எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் படித்திருந்தார், பிள்ளைகளை உற்றுப் பார்த்தார், அதனால் தெரிந்தது.

ஏலப் பட்டியலில் பதினான்காவது வரியில் 'மரக் கட்டைகள், 40 ஜோடி' என்று எழுதியிருக்கிறீர்கள். அவை கர்லாக்கட்டைகள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'இந்தியன் கிளப்ஸ்' என்று இருக்கும். ஏன் அந்தப் பெயர்? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு வீரர்களும் மல்லர்களும் கர்லாக்கட்டை சுற்றுவதைப் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் பார்த்தார்கள், கற்றார்கள், தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1834-ல் டொனால்ட் வாக்கர் என்பவர் அங்கே வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் அது இடம்பிடித்துவிட்டது. எடையைக் குறைத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றதாக்கினார்கள். அங்கிருந்து அமெரிக்கா போயிற்று. 1904-லும் 1932-லும் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் அதற்குத் தனிப் போட்டியே நடந்தது. இன்றைக்கு ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் வீசிப் பிடிக்கும் கட்டைக்கும் அதுதான் பாட்டன். கடல் கடந்துபோன நம் கட்டை, இங்கிலீஷ் பெயரோடு நம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தது.

டிரில் சார் இதை உணர்ந்தவர். நம் ஊர்ச் சிலம்பக்கூடத்து வாத்தியாரைப் பள்ளிக்கு அழைத்துவந்து, புத்தகத்தில் இருந்த சுற்றுகளோடு அவருடைய சுற்றுகளையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முழுக் கட்டை கனக்கும் என்று ஆசாரியிடம் சொல்லிப் புளிய மரத்தில் சின்னதாகக் கடைந்து வாங்கினார். அந்தச் சின்னக் கட்டைகளும் உங்கள் நாற்பது ஜோடிக்குள் இருக்கின்றன. மூட்டையின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் சுட்ட கம்பியால் எண் போட்டிருப்பார்.

மரபு ஒரு பக்கமாகவே ஓடுவதில்லை என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். 1949-ல் லிங்கின் பெயரால் ஸ்டாக்ஹோமில் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் விழா நடந்தபோது, மகாராஷ்டிரத்தின் அமராவதியில் இருக்கும் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலிலிருந்து ஒரு குழு போய்வந்தது. 1936-ல் பெர்லினுக்குப் போய் நம் நாட்டுப் பயிற்சிகளைச் செய்துகாட்டியவர்களும் அவர்களே. அவர்களுக்கு வாங்கவும் தெரிந்தது, கொடுக்கவும் தெரிந்தது. நம் பள்ளியும் அந்த வகையில்தான் இருந்தது. அதை வாங்க மட்டும் தெரிந்த இடமாக ஆக்கிவிடாதீர்கள்.

இப்போது பிப்ரவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனம் செயல்விளக்கம் காட்டிய அன்று தாத்தா என்ற முறையில் நானும் வந்திருந்தேன். இரண்டு செக்‌ஷன் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள், 64 பேர். திரையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் கனத்த நீல மெத்தையில் புரண்டார்கள். நம் பிள்ளைகளுக்குச் சிமெண்டுத் தரையில் ஜமுக்காளம் விரித்திருந்தது. கால்களை இரண்டு பக்கமும் அகட்டி உட்காரும் பயிற்சி வந்தது. ஒரு பெண் பிள்ளை பாதிக்கு மேல் இறங்க முடியாமல் நின்றாள். பயிற்சியாளர் பின்னால் போய், இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினார். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திரையில் வீடியோ நிற்கவில்லை, அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டது.

தொடை இடுக்கில் தசை கிழிந்திருந்தது. மூன்று வாரம் அவள் நொண்டி நொண்டித்தான் பள்ளிக்கு வந்தாள். 'சரியாக வார்ம்அப் செய்யவில்லை' என்று பிள்ளைமேல் பழி போட்டார்கள். அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். இருபத்திரண்டு வயது. அன்று சாயங்காலம் அவரிடம் பேசினேன். பத்து நாள் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றார். கண் கலங்கினார். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கையால் அழுத்தக்கூடாது, பிள்ளை தானாக இறங்கும்வரை பல வாரம் காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது ஒரு டேப்லெட்டும் ஒரு விசிலும்.

லிங்கின் முறையில் பெரிய விஷயமே படிப்படியாக ஏறுவதுதான். இன்றைக்கு முதல் கட்டை, பத்து நாள் கழித்து இரண்டாவது கட்டை. அந்தச் சுவர் ஏணி அதற்காகத்தான் ஏணியாக இருக்கிறது. மாதம் இரண்டு முறை வருகிறவர், போன தடவை எந்தப் பிள்ளை எந்தக் கட்டையில் நின்றது என்று எப்படி நினைவு வைத்திருப்பார்? வீடியோவுக்கு அது எப்படித் தெரியும்? பெட்டியைத் தாண்டும் பிள்ளையின் மேல்கையை ஒரு கையால் பிடித்து, தொடைக்குக் கீழே இன்னொரு கையைக் கொடுத்து, பயம் போனதும் மெல்லக் கையை எடுத்துவிடுவதை எந்தத் திரை செய்யும்? அந்த நிறுவனம் சுவீடன் முறையின் பெயரை விற்கிறது. முறை அவர்களிடம் இல்லை.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. தேர்ச்சி விகிதம் உங்களைத் துரத்துகிறது. பக்கத்துப் பள்ளிகள் நுழைவுத்தேர்வு வகுப்பு நடத்துகின்றன, பெற்றோரே அதைக் கேட்கிறார்கள். கூடத்தின் ஓடு ஒழுகுகிறது, பழுது பார்க்கப் பணம் வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் பயிற்சி வகுப்புக்கு மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று வருடா வருடம் கட்டப்போகும் தொகையைச் சுற்றறிக்கையில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். மொத்தப் பிள்ளைகளால் பெருக்கிப் பாருங்கள், ஒரு முழுநேர ஆசிரியரின் சம்பளத்தைத் தாண்டிப் போகிறது. பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியட் எடுத்துக் கணக்குக்குக் கொடுத்த வருடங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். ஐந்து வயது முதல் பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஆள் வேண்டும் என்றும், பள்ளியில் மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நம் பள்ளியில் அந்த மூன்று வகுப்பில் மட்டும் எத்தனை பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும்.

என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

முதலில், ஏலத்தை நிறுத்துங்கள். சுவர் ஏணி ஆறும், தாண்டும் பெட்டி இரண்டும், கர்லாக்கட்டை நாற்பது ஜோடியும் பள்ளியை விட்டு வெளியே போகக்கூடாது. பெட்டியின் மேல்தோல் கிழிந்திருக்கிறது, அதைத் தைக்க ஆள் தெரியும், செலவை நான் ஏற்கிறேன். மூன்றாவது ஏணியில் இரண்டு கட்டை செல்லரித்திருக்கிறது, மாற்றிவிடலாம். மற்றவை இன்னும் ஐம்பது வருடம் தாங்கும்.

அடுத்து, நான்கு வருடமாகக் காலியாக இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் இடத்தை இந்தக் கல்வியாண்டு தொடங்கும் முன் நிரப்புங்கள். பட்டயமோ பட்டமோ முறையாகப் படித்த ஒருவர், முழுநேரமாக. பெண் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருக்கும் பள்ளி இது, ஆகவே இன்னொரு பெண் ஆசிரியரும் வேண்டும் என்று கேட்கிறேன். அவர்கள் வரும்வரை இந்த மூன்று மாதத்துக்குக் காலையில் வந்து பார்த்துக்கொள்ள நான் தயார். சம்பளம் வேண்டாம்.

தனியார் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைப் பெற்றோர் கூட்டத்தில் முழுதாக வையுங்கள். பயிற்சியாளரின் தகுதி என்ன, பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறதா என்று எல்லாரும் படிக்கட்டும். பிப்ரவரியில் அடிபட்ட பெண்ணின் வீட்டுக்குக் குழுவிலிருந்து ஒருவராவது நேரில் போங்கள். மருத்துவச் செலவைப் பள்ளி கொடுக்க வேண்டும். அவள் அப்பா கேட்கமாட்டார், கூச்சப்படுகிற மனிதர். அதனால் நான் கேட்கிறேன்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு. டைம்டேபிளில் எழுதிவிட்டு வேறு பாடத்துக்குக் கொடுப்பதாக இருக்கக்கூடாது.

இந்த மடலுக்குப் பதிலை ஏலத் தேதிக்கு முன்னால், எழுத்தில், பள்ளி அறிவிப்புப் பலகையில் எதிர்பார்க்கிறேன்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கூடத்து வாசலில் இருப்பேன். பழைய மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் வாருங்கள். சாவியை மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே காவலாளியிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
இந்தப் பள்ளியின் முன்னாள் மாணவன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்